எழுபத்திரண்டு டெசிபல் மரியாதை

ஒசூரிலிருந்து கெலமங்கலம் செல்லும் சாலையில், ரோஜாத் தோட்டக் கூடாரங்களுக்கும் ஓர் எடைமேடைக்கும் இடையே அமைந்திருந்த அந்தத் தனியார் பொறியியல் கல்லூரி, கல்விப் பணியோடு நில்லாமல் ஓர் ஆய்விதழையும் நடத்திவந்தது. ‘எல்லையோரப் பன்னாட்டுப் பொறியியல் ஆய்விதழ்’ என்பது அதன் திருநாமம். ஆசிரியர் குழு உறுப்பினர்களுள் ஒருவர் அத்திப்பள்ளியில் குடியிருந்தார். அத்திப்பள்ளி கர்நாடகத்தில் இருப்பதால் இதழ் பன்னாட்டு இதழாயிற்று. அண்டை மாநிலத்தையும் அண்டை நாட்டையும் வேறுபடுத்திப் பார்க்காத அந்தப் பெருந்தன்மையைக் குறைகூற நாம் யார்?

கல்லூரியின் நுழைவு வளைவில் இதழின் சாதனை மூன்று வரிகளில் பொறிக்கப்பட்டிருந்தது: ‘ஆண்டுகள் பதினொன்று. கட்டுரைகள் ஆயிரத்து நானூறு. திரும்பப் பெற்றவை பூஜ்யம்.’ பிழையுள்ள கட்டுரையைப் பகிரங்கமாகத் திரும்பப் பெறுவது உலகெங்கும் ஆய்விதழ்களின் வழக்கம். ஆயிரத்து நானூற்றில் ஒன்றுகூடப் பிழையின்றி அமைந்தது எவ்வாறு என்று எவரும் வினவியதில்லை. பிழையைக் கண்டுபிடிக்க முதலில் யாராவது படித்திருக்க வேண்டும். அத்தகைய அசம்பாவிதம் அதுவரை நிகழவில்லை.

இயந்திரவியல் துறையின் உதவிப் பேராசிரியர் நபீலா, அந்த வளைவின் கீழே தினமும் காலை எட்டே முக்காலுக்கு ஸ்கூட்டியில் நுழைபவர். அவருடைய தந்தை ஃபக்ருதீன் ஒசூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஒன்றரை அங்குல ஆணி கேட்டவர்களுக்கு ஒன்றேகால் அங்குலம் போய்விட்டால், மறுநாள் “மாத்திக் குடுங்க பாய்” என்று வந்து நிற்பார்கள், மாற்றிக் கொடுத்துவிடுவார். தவறாகப் போன சரக்கைத் திரும்ப வாங்குவதை அந்த வீட்டில் யாரும் நெறிமுறை என்று அழைத்ததில்லை. கடை திறப்பது, கடை சாத்துவது போல அதுவும் ஒரு வேலை.

இவ்வாறு வளர்ந்தவரிடம், ஆண்டுக்கு இரண்டு கட்டுரை கட்டாயம் என்றது கல்லூரி. உடன் பணியாற்றியவர்கள் இணையத்திலிருந்து எடுத்து, கலைத்து, அடுக்கிக் கொடுத்தார்கள். நபீலா மட்டும் உண்மையாகவே எதையாவது அளந்து எழுதுவது என்று முடிவுசெய்தார். தொல்லைகள் யாவும் அந்த இடத்தில்தான் தொடங்கின.

மூக்கண்டப்பள்ளியில் கந்தன் என்பவருக்குச் சொந்தமான பிரஸ் ஷாப் ஒன்று இருந்தது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து, வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் கூடம், இருபத்திரண்டு தொழிலாளர்கள். மூன்று வெள்ளிக்கிழமைகள் நபீலா ஒலிமானியோடு அங்கே சென்றார். நான்கு சிறிய பிரஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் நின்ற நூற்றறுபது டன் பிரஸ், சந்தனம் குங்குமமிட்டு, சாமந்தி மாலையோடு அசையாமல் நின்றது. உழைத்து ஓய்ந்தபின் வணங்குவதற்காக வைக்கப்பட்ட இயந்திரம் என்று அவர் எண்ணிக்கொண்டார். சராசரி இரைச்சல் எழுபத்திரண்டு டெசிபல். சட்டம் அனுமதிக்கும் அளவு தொண்ணூறு. ஒலிமானி காட்டியதை நபீலா அப்படியே எழுதினார்.

கட்டுரை வெளிவந்தபோது அதற்கு ஆசிரியர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். முதற்பெயர் தாளாளர் ஆனந்தராஜ். கட்டடம் அவருடையது, எனவே கட்டடத்துக்குள் எழும் சிந்தனைகளும் அவருடையவை. இரண்டாவது, கல்லூரியின் டீனும் இதழின் முதன்மை ஆசிரியருமான முனைவர் நாராயணப்பன். ஆறாவது, தாளாளரின் மகள் அனுப்ரியா. அவர் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார், வருங்காலத்தில் ஆய்வு செய்யக்கூடும். எட்டாமவர் அந்த வாரம் பிறந்தநாள் கொண்டாடியவர். ஒன்பதாவதாக நபீலாவின் பெயர், பக்கத்தின் ஓரத்தில், விழுந்துவிடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கட்டுரையின் முடிவில் ‘நன்றி: ராமப்பன், பிரஸ் ஆபரேட்டர்’ என்று ஒரு வரி இருந்தது. மூன்று வெள்ளிக்கிழமையும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தவர் அவர். அவரிடம் ஒரு பிரதியைக் கொடுக்கலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை, முன்னறிவிப்பின்றி, நபீலா பிரஸ் ஷாப்புக்குச் சென்றார். வாயிலில் வாட்ச்மேன் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார்.

தெருமுனையிலேயே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. உள்ளே, மேசைமீது இருந்த கண்ணாடி டம்ளர் தானாகவே விளிம்பை நோக்கி நடந்துகொண்டிருந்தது. வணங்குவதற்காக வைக்கப்பட்ட நூற்றறுபது டன் பிரஸ், கழுத்து மாலை குலுங்கக் குலுங்க, பூமியை அடித்துக்கொண்டிருந்தது.

ராமப்பன் அவரைக் கண்டதும் பதறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். கூடம் அடங்கியது. கைகூப்பினார்.

“வாங்க மேடம். மன்னிக்கணும், பாக்கல.”

“ஏங்க நிறுத்திட்டீங்க?”

“மேடம் வந்து நிக்கறப்ப ஓட்டறதுங்களா? நல்லாவா இருக்கும்? நாலு வார்த்த பேசினா காதுல வுழ வேணாமா?”

“நான் வெள்ளிக்கிழமை வந்தப்ப?”

“அப்பவும் நிறுத்திட்டனுங்க! கேட்ல சுவிட்ச் இருக்குது. பெரியவங்க யாரு வந்தாலும் வாட்ச்மேன் பச்ச லைட்டு போடுவாரு. லைட்டு எரிஞ்சா பெரிய பிரஸ்ஸு ஆஃப். முதலாளி மாமனார் வந்தாலும் அப்படித்தான்.”

“ராமப்பன், நான் சத்தத்தை அளக்கத்தானே வந்தேன்?”

“அதாங்க நானும் சொல்றேன். அளக்கற எடத்துல சத்தம் போட்டுகினு இருந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்லீங்களா?”

நபீலா சுவரின் பக்கம் திரும்பினார். சுவரில் வரிசையாக இருபத்திரண்டு ஆணிகள் அடிக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார். வெறும் ஆணிகள். சென்ற முறை அவற்றில் காதுமூடிகள் தொங்கின.

“இயர் மஃப் எல்லாம் எங்கே?”

“உங்க புக்கு வந்ததும் முதலாளி வாங்கி பீரோல வெச்சிட்டாருங்க. எழுபத்திரண்டுக்கு இதெல்லாம் எதுக்குன்னாரு.” ராமப்பன் புன்னகை செய்தார். “எனக்குப் பரவால்லீங்க. லெஃப்ட் காதுக்குள்ள ஏற்கெனவே ஒரு வண்டு பூந்து பாடிகினே கெடக்குது. புதுசா சேந்த பொம்பளைங்க எட்டு பேருக்குந்தான், இப்பவே காது கொய்யுங்குதாம். மத்தபடி உங்க கட்டுரை நல்லா வந்திருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

கந்தனின் அறையில் அந்தக் கட்டுரை, வெங்கடாசலபதி படத்துக்கும் தரச்சான்றிதழுக்கும் நடுவே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. நபீலா நடந்ததைச் சொன்னார். கந்தன் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும் மேடம். ஆனா வாயால சொன்னத நான் எப்படி ஃபைல்ல வெக்கறது? அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி, நாங்க பார்ட்ஸ் குடுக்கற கம்பெனிக்காரங்க ஆடிட். உங்க புக்க காட்டுனா, நான் வாங்கிக் குடுக்க வேண்டிய லிஸ்ட்லயே இயர் மஃப் இருக்காது. அதே புக்குல, ‘தப்பு, வாபஸ்’னு போட்டுக் கொண்டாங்க. அன்னிக்கே பீரோவத் தொறந்து குடுத்துடறேன். வாக்குன்னா வாக்கு.”

ஆக, இருபத்திரண்டு பேருடைய காதுகள் ஒரு பீரோவுக்குள் இருந்தன. சாவி ஆய்விதழிடம் இருந்தது.

இதழின் அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டவர் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பத்தாண்டுகளாகியும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர்.

“கட்டுரைய சேக்கதுக்கு ஃபாரம் இருக்கு மேடம். எடுக்கதுக்கு இல்லியே,” என்றார் அவர். “ஒண்ணு செய்யுங்க. இந்த வாபஸையே ஒரு புதுக் கட்டுரையா அனுப்பிருங்க. சேக்குத ஃபாரத்துலயே எடுத்துருவோம்.”

தவற்றைச் சொல்ல நபீலாவுக்கு மூன்று வரிகள் போதுமானவையாக இருந்தன. புதுக் கட்டுரைக்கோ குறைந்தபட்சம் மூவாயிரம் சொற்கள் வேண்டும். நான்கு நாட்கள் உழைத்துத் தவற்றை மூவாயிரம் சொற்களுக்கு நீட்டினார். திருட்டைக் கண்டறியும் கணினி, இதன் பெரும்பகுதி ஏற்கெனவே வெளிவந்த ஒரு கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று அறிவித்தது. எடுக்கப்பட்டது அவருடைய கட்டுரையிலிருந்துதான் என்று விளக்கியதும், தம்மிடமே தாம் திருடியதற்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதம் ஒன்று அவரிடமிருந்து பெறப்பட்டது.

அடுத்து, பெயர் வெளியிடப்படாத இரண்டு மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகள் வந்தன. முதலாமவர் எழுதியிருந்தார்: ‘தவற்றில் புதுமை போதவில்லை. என்னுடைய ஆறு கட்டுரைகளை மேற்கோள் காட்டினால் தவறு மேலும் வலுப்பெறும்.’ இரண்டாமவர் எழுதியிருந்தார்: ‘இதன் முடிவு, இவ்விதழிலேயே வெளிவந்த மிகச் சிறந்த கட்டுரை ஒன்றின் முடிவுக்கு நேர்மாறாக உள்ளது. ஆகவே ஏற்பதற்கில்லை.’

மிகச் சிறந்த அந்தக் கட்டுரை எது என்று சொல்லத் தேவையில்லை.

விவகாரம் நெறிமுறைக் குழுவுக்குச் சென்றது. குழுவில் அறுவர் இருந்தார்கள். அறுவரும் நபீலாவின் கட்டுரைக்கு ஆசிரியர்கள். தாம் எழுதியதைத் தாமே விசாரித்துக்கொண்டால் இரகசியம் காக்கப்படும் என்பது குழுவின் முதல் விதி.

தலைவர் நாராயணப்பன் எழுந்து நின்று பேசினார்.

“மேடம், முதல்ல உங்க மனசாட்சிக்கு என்னோட வாழ்த்துகள். அதை நீங்க வெச்சிருக்கறது இன்ஸ்டிட்யூஷனுக்கே பெருமை. ஆனா அதை யூஸ் பண்ண ஒரு ப்ரொசீஜர் வேணும் இல்லையா? இந்தக் குழு ஆரம்பிச்சு ஏழு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. ஏன்? வந்த புகார் எதையும் நாங்க வாங்கல. அவ்ளோ ஸ்ட்ரிக்ட். இன்னிக்கு உங்க ஒரு கட்டுரைய எடுத்தா, நாளைக்கு மத்தவங்க கட்டுரையையும் யாராவது படிக்க ஆரம்பிச்சிருவாங்க. அப்புறம் இதழ் நடத்தறதா, வேணாமா?”

தாளாளர் ஆனந்தராஜ் ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்து, பின்னர் கல்விக்கு வந்தவர். அவர் சாய்ந்தவாறே சொன்னார்: “மண்டியில லோடு எறங்கிட்டா எறங்கினதுதாம்மா. சரக்கு திரும்பிப் போச்சுன்னா மண்டிக்குக் கெட்ட பேரு.” பிறகு முன்னே கிடந்த கட்டுரையைப் புரட்டினார். “ஆமா, இது நான் எழுதினதா?”

“ஆமாங்க சார். முதல் ஆசிரியர் நீங்கதான்.”

“நல்லா எழுதியிருக்கனா?”

“தப்பா எழுதியிருக்கீங்க சார்.”

மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. அது சுமார் நாற்பது டெசிபல் இருக்கும்.

நீண்ட ஆலோசனைக்குப் பின், நபீலாவின் நேர்மையைப் பாராட்டி ஒரு சால்வை போர்த்துவது என்றும், ‘ஆய்வில் அறம்’ என்ற ஒருநாள் கருத்தரங்கை நடத்தும் பொறுப்பை அவருக்கு அளிப்பது என்றும், கட்டுரையை அப்படியே விட்டுவிடுவது என்றும் தீர்மானமாயிற்று. சால்வை ஏற்கெனவே தயாராக இருந்தது.

சால்வையோடு நின்ற நபீலா, வாழ்வில் முதன்முறையாக ஒரு கூட்டத்தில் கேட்கப்படாமலே பேசினார். “சார், ஒரு தடவை நீங்களே நேர்ல வந்து கேட்டுப் பாருங்க. அது போதும்.”

யாரும் எதிர்பாராத விதமாக ஆனந்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “போலாமே! கள ஆய்வு! தரச்சான்றுக்கு போட்டோ வேணும்னு கேட்டுகிட்டே இருக்காங்க. பேனர் அடிங்க.”

மாடசாமி ஒரு விதியை நினைவூட்டினார். முன்பொரு முறை, அணைக்கட்டுக் கள ஆய்வின் தீர்மானம் ஓட்டலில் கையெழுத்தாகித் தகராறானது. அன்றிலிருந்து, கள ஆய்வின் தீர்மானத்தைக் களத்திலேயே வாசித்து, களத்திலேயே கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான தீர்மானம் அடுத்த இதழில் அச்சாக வேண்டும்.

நபீலாவின் மகிழ்ச்சி வீடு சேரும்வரைகூட நீடிக்கவில்லை. தாளாளரின் கார் வாயிலுக்கு வரும். வாட்ச்மேன் பச்சை விளக்கைப் போடுவார். ராமப்பன் பிரஸ்ஸை நிறுத்துவார். அறுவரும் எழுபத்திரண்டு டெசிபலைக் காதாரக் கேட்டுத் திரும்புவார்கள். மறுநாளே மூக்கண்டப்பள்ளிக்கு ஓடினார்.

“நிறுத்தக் கூடாதுங்களா?” ராமப்பன் நடுங்கிவிட்டார். “பேடா மேடம், பேடா! வேணாங்க! காலேஜு ஓனரு வராரு. டீன் வராரு. அவ்ளோ பெரியவங்க மூஞ்சிக்கு முன்னால தடால் தடால்னு ஓட்டினா, வளத்த லட்சணம் சரியில்லன்னு சென்னம்மா என்னைய வூட்டுக்குள்ளயே வுடமாட்டா.” சென்னம்மா அவருடைய மனைவி.

“அப்போ உங்க காது? அந்த எட்டுப் பேர் காது?”

ராமப்பன் இடக்காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டு நெடுநேரம் யோசித்தார். மாலையைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“மேடம், ஒண்ணு பண்ணலாம். புது காயில் ஒண்ணு, தகட்டுச் சுருளு, வந்திருக்குது. பூச போட்டு, ஓனரு கையாலயே பிரஸ்ஸ ஆரம்பிச்சு வெக்கச் சொல்லலாம். ஆட்டோல போட்டுட்டா காயில் தீர்ற வரைக்கும் தானா ஓடும், முப்பத்தெட்டு நிமிசம். அவ்ளோ பெரிய மனுசன் கை வெச்சு ஆரம்பிச்சத நான் நடுவுல நிறுத்தறதா? அதவிட அவமரியாத உண்டுங்களா?”

ஆய்விதழில் பதினொரு ஆண்டுகளாக வெளிவந்த ஆயிரத்து நானூறு கட்டுரைகளிலும் இதற்கு நிகரான ஒரு சிந்தனை இருந்ததாக நபீலாவுக்கு நினைவில்லை.

அந்த நாள் வந்தது. வாயிலில் பேனர் கட்டப்பட்டது. பச்சை விளக்கு எரிந்தது. பெரிய பிரஸ் முறைப்படி மௌனம் காத்தது. அறுவரும் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். “எவ்வளவு அமைதியான சூழல்!” என்று நாராயணப்பன் நபீலாவைப் பார்த்துப் பொருளோடு சொன்னார். கற்பூரம் காட்டப்பட்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. தொடங்கிவைப்பதற்கு ஏதாவது இருந்தால் ஆனந்தராஜ் மறுத்ததாக வரலாறு இல்லை. கைதட்டலுக்கிடையே பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

முதல் அடியில் பேனரின் ஒரு பக்கம் அவிழ்ந்தது. இரண்டாம் அடியில் குங்குமத் தட்டு கீழே வந்தது. அதன்பின் அடிகளை எண்ண முடியவில்லை.

யாரும் எழுந்து போகவில்லை. தாளாளர் அமர்ந்திருக்கும்போது மற்றவர்கள் எழுவது முறையல்ல. போட்டோ முடியாமல் தாளாளர் எழுவது முறையல்ல. நபீலா ஒலிமானியை ஒவ்வொருவர் முன்னும் நீட்டினார். தொண்ணூற்றெட்டு. பிரசாதத்தைப் பார்ப்பது போல் பார்த்துத் தலையசைத்தார்கள். பிறகு நபீலா, தாம் எழுதிக் கொண்டுவந்திருந்த தீர்மானத்தை எடுத்து, விதிப்படி, தொண்டை கிழிய வாசித்தார்.

“எங்கள் கட்டுரையின் அளவீடுகள், பெரிய பிரஸ் நிறுத்தப்பட்டிருந்த வேளையில் எடுக்கப்பட்டவை! அது ஓடும்போது அளவு தொண்ணூற்றெட்டு! ஆகவே அக்கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்!”

அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. ஒரு சொல்லும் விடாமல் இரண்டாம் முறையும் வாசித்தார். நாராயணப்பனின் காதருகே குனிந்து, “கேக்குதா சார்?” என்று கத்தினார்.

முன்னூறு ஆய்வேடுகளைத் திறந்து பாராமலே மதிப்பிட்டவர் நாராயணப்பன். ஒரு தீர்மானம் காதில் விழவில்லை என்று உதவிப் பேராசிரியரிடம் ஒப்புக்கொள்வது அவர் பதவிக்கு அழகா? கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நபீலா தாளைக் கையிலேயே கொடுத்தார். படிப்பதற்கு வசதியாக வெளிச்சத்தின் பக்கம் திருப்பியும் பிடித்தார். அவர் அடியில் கையெழுத்திட்டார். அவர் கையெழுத்தைக் கண்டு மற்றவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆனந்தராஜ் தமக்கும், கேட்காமலேயே மகளுக்கும் சேர்த்து இட்டார்.

காயில் தீர்ந்து கூடம் அடங்கியபோது, “தீர்மானம் மிக அருமை,” என்று நாராயணப்பன் தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார்.

மாடசாமி அதை அடுத்த இதழில் அச்சிட்டார். ஏன் அச்சிட்டீர் என்று டீன் கொதித்தபோது, “கையெழுத்து ஆயிட்டுல்லா சார். நீங்க கேட்டு, பாத்து, போட்டது,” என்றார். கேட்கவில்லை, பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்க அறுவரில் எவரும் முன்வரவில்லை.

அரைநாள் கல்லூரியில் இழவு வீட்டின் அமைதி நிலவியது. பிற்பகலில் நாராயணப்பன் ஓர் உண்மையைக் கண்டறிந்தார்: திரும்பப் பெறும் அறிவிப்புக்கும் இதழில் தனி எண் உண்டு, எனவே அதுவும் ஒரு கட்டுரையாகக் கணக்கில் வரும். மாலைக்குள் அறிவிப்பின் இணையப் பதிப்பில் ஆசிரியர்கள் பதினான்கு பேர் ஆனார்கள். இடம் போதாமையால் நபீலாவின் பெயர் விடுபட்டது. வளைவில் ‘பூஜ்யம்’ அழிக்கப்பட்டு, ‘ஒன்று, முதற்கட்டமாக’ என்று எழுதப்பட்டது.

பாராட்டு விழாவில் ஆனந்தராஜ் உணர்ச்சிவசப்பட்டார். “அழுகின சரக்கத் திரும்ப வாங்கற மண்டிதான் நிக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேன். இனிமே ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் வருஷத்துக்கு அஞ்சு கட்டுரை வாபஸ் வாங்கணும். இது டார்கெட்.”

பேராசிரியர்கள் இடிந்துபோனார்கள். எதை வாபஸ் வாங்குவது என்று தெரிய, எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்குமே என்பது அவர்களுடைய துயரம்.

நபீலா விழாவுக்குச் செல்லவில்லை. பதினான்காம் தேதி, இதழைக் கையில் எடுத்துக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்குச் சென்றார். கந்தன் இரண்டு முறை படித்தார். பழைய கட்டுரையின் பக்கத்திலேயே இதற்கும் ஒரு சட்டம் போட ஆளனுப்பினார். பிறகு, சொன்ன வாக்குப்படி, பீரோவைத் திறந்தார்.

அரைமணி நேரம் கழித்து நபீலா கூடத்துக்குள் நுழைந்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. காதுமூடியோடு நின்ற ராமப்பன் அவரைக் கண்டார். கை தானாகவே சிவப்புப் பொத்தானை நோக்கிச் சென்றது, பாதியில் நின்றது, மிகுந்த சங்கடத்தோடு திரும்பி வந்தது. நிறுத்தாமல், நாற்காலி போடாமல், கைகூப்பாமல், அவர் சுவரின் பக்கம் தலையை மட்டும் அசைத்தார்.

இருபத்திரண்டு ஆணிகளுக்கு அப்பால் புதிதாக ஓர் ஆணி அடிக்கப்பட்டிருந்தது. ஒன்றரை அங்குலம்; கண்டதுமே நபீலாவுக்குத் தெரிந்தது. அதில் ஒரு காதுமூடி தொங்கியது. அவர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒலிமானியை முடுக்கினார்.